சோழியும் வாக்கியமும்



ஆவடியை அடுத்த வெள்ளானூரில் எங்கள் வீட்டுத் திண்ணை இன்னும் ஒரு சிறு வகுப்பறையாகவே இருந்து வருகிறது. தலைமையாசிரியர் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன; ஆயினும் மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏதேனும் ஓர் ஐயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர்களுள் ஒருவன் பொறியியற் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயில்பவன். ஒரு நாள் அவன் தன் பாடநூலைப் பிரித்து வைத்துக்கொண்டு, "சார், இந்தப் பாடம் முழுவதும் இரண்டே கேள்விகள்தாம். நாம் அறிந்தவற்றை எந்த வடிவில் பொறிக்குள் வைப்பது? அப்படி வைத்ததிலிருந்து, தெரியாத ஒன்றை எப்படி விரைவாக வருவிப்பது? இவை அமெரிக்காவில் அண்மையில் தோன்றிய கேள்விகள், உங்கள் வரலாற்றுக்கும் இதற்கும் தொடர்பு இருக்காது" என்றான்.

நான் மறுமொழி சொல்லவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அதன் மேலட்டையில் 'வாக்கியம்' என்னும் சொல் அச்சிடப்பட்டிருந்தது. நாள்தோறும் நம் கண்ணிற் படும் அந்தச் சொல்லின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1825-ஆம் ஆண்டு. இடம் புதுச்சேரி. ஜான் வாரன் என்னும் ஐரோப்பியர் ஒருவர், நம் நாட்டுக் காலக்கணக்கு முறைகளைத் திரட்டிக் 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலை ஆக்கிக்கொண்டிருந்தார். அவர் பிறப்பால் பிரெஞ்சுக்காரர். ஆங்கிலேயரின் படையில் பணி புரிந்தவர். நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்த லாம்டனின் குழுவில் உழைத்தவர். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பையும் வகித்தவர். தொலைநோக்கியும் மடக்கை அட்டவணையும் கையாண்டு பழகிய அவர், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அழைத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி கேட்டார்.

கணிதர் எழுதுகோல் எதையும் எடுக்கவில்லை. ஏடு எதையும் விரிக்கவில்லை. தரையில் அமர்ந்து சோழிகளைப் பரப்பினார். வாய்க்குள் ஏதோ சொற்களை முணுமுணுத்தார். சோழிகளை வைத்தார், எடுத்தார், இடம் மாற்றினார். சிறிது நேரத்தில் கிரகணம் எப்பொழுது தொடங்கும், எப்பொழுது நடுவுறும், எப்பொழுது விடும் என்பதைச் சொல்லிவிட்டார். அது 1825 மே 31-ஆம் நாள் இரவு நிகழவிருந்த கிரகணம். அவர் சொன்ன நேரம் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டது. பிழையைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம். தாளும் மையும் இன்றி, தலைக்குள் இருந்ததைக் கொண்டு மட்டுமே, விண்ணில் இரண்டு பெரிய கோளங்களின் நிழல் விளையாட்டை ஒருவர் முன்கூட்டிச் சொன்னாரே, அவர் தலைக்குள் இருந்தது யாது? முதலில் அதைக் காண வேண்டும்.

அவர் தலைக்குள் இருந்தவை அட்டவணைகள். ஆனால் எண்களாக இல்லை, சொற்களாக இருந்தன. எண்களின் நீண்ட வரிசையை நினைவில் வைப்பது மனிதர்க்கு அரிது. பொருளுடைய சொற்றொடர்களை நினைவில் வைப்பது எளிது. ஆகவே நம் முன்னோர் எண்களைச் சொற்றொடர்களாக மாற்றினர். அத்தொடர்களுக்குத்தான் வாக்கியம் என்று பெயர். மாற்றுவதற்கு அவர்கள் கையாண்ட விதிக்குக் 'கடபயாதி' என்று பெயர். வடமொழி நெடுங்கணக்கில் க, ட, ப, ய என்னும் நான்கு எழுத்துகளிலிருந்தும் 1, 2, 3 என்று எண்ணத் தொடங்குவர். க வரிசையில் தொடங்கி ச வரிசை முடியப் பத்து எழுத்துகள். ஒன்பது வரை எண்ணிப் பத்தாவதற்குச் சுழி. ட வரிசையும் த வரிசையும் அவ்வாறே. ப முதல் ம வரை 1 முதல் 5. ய, ர, ல, வ என்பவை 1, 2, 3, 4. உயிர்மெய்யில் உயிருக்கு மதிப்பில்லை. சொல்லின் இறுதியில் நிற்கும் ஒற்றுக்கும் மதிப்பில்லை. இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

'கமலம்' என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். க என்பது 1, ம என்பது 5, ல என்பது 3. திருப்பிப் படித்தால் 351. 'ரவி' என்றால் 2, 4, திருப்பினால் 42. உயிருக்கு மதிப்பு வேண்டாம் என்று வைத்ததில் ஒரு நுட்பம் உண்டு. எந்த எண்ணுக்கும் பொருளுள்ள ஒரு சொல்லைக் கட்டிக்கொள்ள அது இடம் தருகிறது. 42 என்பதற்கு 'ரவி' என்றும் வைக்கலாம், வேறு உயிர்களைச் சேர்த்து வேறு சொல்லும் வைக்கலாம். புலவருக்கு விருப்பமானது எதுவோ, செய்யுளுக்குப் பொருந்துவது எதுவோ, அது.

ஆயினும் இம்முறையைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால் இடர் வரும். 'நதி' என்னும் சொல்லை எடுங்கள். வடமொழி ஒலிப்படி அதில் உள்ளது மூன்றாவது தகரம். அதன் மதிப்பு 8. ஆகவே நதி என்பது 80. தமிழ் எழுத்தைப் பார்த்து முதல் தகரமாகப் படித்தால் 6 என்று கொண்டு 60 என்று சொல்லிவிடுவோம். ஒரே எழுத்து, இரண்டு எண். சந்திரன் இருபது பாகை தவறிவிடும்! இதனாற்றான் இவ்வாக்கியங்களைக் கிரந்த எழுத்தில் எழுதினர். ஒலி கெடாமல் வாய்மொழியாகவும் ஓதுவித்தனர். அறிவைக் குறியீடாக்கும்பொழுது ஒரு குறிக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்று என் மாணவ நண்பனின் பாடநூல் முதல் அதிகாரத்திலேயே வற்புறுத்துகிறது. நம் கணிதர் அதைக் காதாற் கேட்டு அறிந்திருந்தனர்.

இனி அட்டவணையின் அளவு. இங்கேதான் இம்முறையின் உயிர்நிலை இருக்கிறது. சந்திரன் வானில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமியை விட்டு மிக விலகி நிற்கும்பொழுது மெதுவாகவும், நெருங்கி வரும்பொழுது விரைவாகவும் செல்கிறது. மிகச் சேய்மையான இடத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அத்தகைய இடத்தை அடைய ஏறத்தாழ 27 நாளும் 13 மணியும் ஆகும். கணிதரோ நாள்தோறும் சூரியன் உதிக்கும் நேரத்தில் சந்திரன் எங்கே நிற்கிறது என்று அறிய விரும்புகிறார். முழு நாளாக அமையாத இச்சுற்றை நாட்கணக்கோடு எப்படிப் பொருத்துவது? ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் ஏறக்குறைய மிகச் சரியாக 248 நாட்கள் ஆகின்றன. ஆகவே 248 நாட்களுக்கு மட்டும் சந்திரனின் இருப்பிடத்தைக் கணித்து 248 வாக்கியங்களாகக் கட்டிவிட்டால் போதும். 249-ஆம் நாள் மீண்டும் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் இவையே. முதல் நாளின் வாக்கியம் 12 பாகை 3 கலை. இரண்டாம் நாளுக்கு 24 பாகை 9 கலை. இவ்வாறே சென்று 248-ஆம் நாளில் ஒன்பது முழு வட்டங்களுக்கு மேல் 27 பாகை 44 கலையில் முடிகிறது.

ஆனால் 248 நாள் என்பது முற்றிலும் சரியன்று. சிறு பிசகு உண்டு. பல முறை அடுக்கினால் பிசகு வளரும். அதற்காக இன்னும் நுட்பமான 3031 நாள் என்னும் சுற்றை வைத்துக்கொண்டனர். அதில் சந்திரன் 110 முறை சேய்மை இடத்தை அடைகிறது. அதனினும் பெரிதாக 12,372 நாள் என்று மற்றொன்று. ஏறக்குறைய 34 ஆண்டு. அதற்கும் மேலே, கலியுகத் தொடக்கத்திலிருந்து 16,00,984 நாட்கள் கழிந்த ஒரு நாளைக் கணக்கின் தொடக்கமாக நிறுத்தினர். அது கி.பி. 1282-ஆம் ஆண்டில் வருகிறது.

ஒரு கணக்கை நாமே செய்து பார்ப்போம். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். சோழி இருந்தால் இன்னும் நன்று. அந்தத் தொடக்க நாளிலிருந்து 20,000 நாட்கள் கழிந்தன என்று வைத்துக்கொள்வோம். இதில் 12,372 ஒரு முறை போகும், மீதி 7,628. அதில் 3031 இரண்டு முறை போகும், மீதி 1,566. அதில் 248 ஆறு முறை போகும், மீதி 78. அவ்வளவுதான். இருபதாயிரம் நாட்கள் 78 என்னும் எண்ணாகச் சுருங்கிவிட்டன. நினைவிலிருந்து 78-ஆவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். 12,372-க்கு 297 பாகை 48 கலை 10 விகலை. 3031 ஒவ்வொன்றுக்கும் 337 பாகை 31 கலை 1 விகலை. 248 ஒவ்வொன்றுக்கும் 27 பாகை 44 கலை 6 விகலை கூட்ட வேண்டும். முழு வட்டங்களைக் கழித்துவிட்டால் இம்மூன்றும் சேர்ந்து 59 பாகை 14 கலை 48 விகலை ஆகும். தொடக்க நாளுக்குரிய 212 பாகை 0 கலை 7 விகலையையும் 78-ஆவது வாக்கியத்தையும் அதனோடு கூட்டி, ஊருக்கு ஏற்ற சிறு திருத்தம் செய்தால் அன்றைய சந்திரன் கைக்கு வந்துவிடும். கோணவியல் வேண்டா, வர்க்கமூலம் வேண்டா. கழித்தலும் கூட்டலும் போதும். அவற்றைச் சோழியே செய்துவிடும்.

இதைக் கேட்டதும் என் மாணவ நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் பாடத்தில் இதற்கு ஒரு பகுதியே உண்டாம். கடினமான கணக்கை ஒரே ஒரு முறை, பெருமுயற்சியுடன், முன்னதாகவே செய்து முடித்து, அதன் விளைவை வசதியான வடிவில் அடுக்கி வைப்பது. பின்னர் யார் எத்தனை முறை கேட்டாலும் சட்டென்று விடை சொல்வது. அறிவை முன்கூட்டியே சமைத்து வைப்பது என்று நான் அதற்குப் பெயர் கொடுத்தேன். வாக்கியங்களை முதலிற் கட்டியவர் சந்திரனின் வேக மாற்றத்தை நன்கு அறிந்து, 248 நாளுக்கும் தனித்தனியே உழைத்துக் கணித்தார். அந்த உழைப்பின் பயனை, அதன் காரணம் எதையும் அறியாத ஒருவரும் பல நூற்றாண்டுகளுக்குப் பின் தரையில் அமர்ந்து எடுத்துக்கொள்ள முடிந்தது.

இவ்வட்டவணையில் இன்னொரு சிறப்பு உண்டு. முதல் வாக்கியத்தையும் 247-ஆவது வாக்கியத்தையும் கூட்டினால் 27 பாகை 44 கலை வரும். இரண்டாவதையும் 246-ஆவதையும் கூட்டினாலும் அதே தொகை. ஓரிரு கலை முன்பின் இருக்கலாம், அவ்வளவே. ஆகவே ஓதுபவர் ஒருவர் ஒரு சொல்லை மறந்தாலும், ஏடு எழுதுபவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினாலும், எதிர்ப்பக்கத்து வாக்கியத்தைக் கொண்டு அதை மீட்டுக்கொள்ளலாம். கறையான் பாதி ஓலையைத் தின்றாலும் மறுபாதி அதைச் சொல்லும்.

இம்முறையை விளக்கும் 'வாக்கிய கரணம்' என்னும் நூல் ஏறக்குறைய கி.பி. 1300-ஐ ஒட்டித் தோன்றியது. அதனை இயற்றியவர் காஞ்சியைச் சார்ந்தவர் என்பர். தம் பெயரை அவர் விட்டுச் செல்லவில்லை. சுந்தரராஜர் என்பவர் பின்னர் அதற்கு உரை எழுதினார். அவர் தமக்கு எழுந்த ஐயங்களைக் கேரளத்துப் பேரறிஞர் நீலகண்ட சோமயாஜிக்கு விடுத்து விடை பெற்றவர். மொழி எல்லையும் மலை எல்லையும் கடந்து இரண்டு கணிதர் ஐயம் பரிமாறிக்கொண்ட அச்செய்தி எனக்கு மிகவும் உவப்பானது. அதே கேரளத்தில், நீலகண்டருக்கு முன்னர் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவர், சந்திர வாக்கியங்களை விகலை அளவுக்குத் திருத்தி அமைத்தார். வாக்கிய கரணத்தைத் தி. சா. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பிக்க, 1962-ஆம் ஆண்டில் சென்னைக் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் வெளியிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 248 என்னும் எண் நம் மண்ணில் மட்டும் முளைத்தது அன்று. பாபிலோனியரின் களிமண் ஏடுகளில் அந்தச் சுற்று காணப்படுகிறது. எகிப்தில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாபிரஸ் சுவடி ஒன்றில் 248-உம் 3031-உம் சேர்ந்தே வருகின்றன. வாரனின் நூலைப் படித்த ஆட்டோ நியூகெபாயர் என்னும் அறிஞர், புதுச்சேரிச் சோழிகளில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஒரு மரபு உயிரோடு இருந்ததைக் கண்டு வியந்து, 1952-ஆம் ஆண்டில் தமிழர் வானியல் என்னும் பொருள் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிவுக்குக் கடவுச்சீட்டு இல்லை. பாபிலோனிலிருந்து வந்ததைச் சொல்லாக்கியது, மனத்தில் பதியும்படி கட்டியது, சோழிக்கு ஏற்ப அமைத்தது ஆகியவை இங்கு நடந்தன. அது சிறு செயலன்று. அதற்காக, 'செயற்கை நுண்ணறிவை அன்றே நாம் கண்டுவிட்டோம்' என்று மார் தட்டுவோரோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

மார் தட்டுவோர் வழக்கமாக எடுத்துக்காட்டும் மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். லெ ஜெந்தில் என்னும் பிரெஞ்சு வானியலாளர், சூரியனின் முகத்தைக் கடந்து வெள்ளிக்கோள் செல்வதைக் காண 1760-ஆம் ஆண்டில் புறப்பட்டார். 1761-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் புதுச்சேரியை அடைய முடியவில்லை. ஊர் ஆங்கிலேயர் கையிற் சிக்கியிருந்தது. எட்டாண்டு காத்திருந்து 1769 ஜூன் மாதத்தில் புதுச்சேரியிலேயே தொலைநோக்கியோடு நின்றார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. அந்த நல்லூழற்ற மனிதர் அங்கே தங்கியிருந்த காலத்தில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் சோழிக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் நாளின் சந்திர கிரகணத்திற்குத் தமிழ்க் கணக்கு தந்த கால அளவு 41 விநாடிதான் குறைவு. ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்ற மேயரின் அட்டவணை தந்ததோ 68 விநாடி மிகுதி. இதைச் சொல்லும் மேடைகளில் 1825-இன் 52 நிமிடத்தை யாரும் சொல்வதில்லை. வரலாறு படிப்பவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

52 நிமிடம் ஏன் பிழைத்தது? வாரன் தம் நூலில் அக்கணிதரைப் பற்றி ஒன்று குறித்திருக்கிறார். வானியற் கொள்கைகளுள் ஒன்றையும் அவர் அறியாதவர். ஆனால் வலிய நினைவாற்றல் உடையவர். அதைக் கொண்டே மனத்திலும் தரையிலும் கணக்கை ஒழுங்குற நடத்தினார் என்பது அக்குறிப்பின் கருத்து. ஏளனமும் மதிப்பும் கலந்த சொற்கள். ஆனால் உண்மை அதில் இருக்கிறது. சோழிக்குள் விடை இருந்தது, காரணம் இல்லை. கட்டியவருக்குக் காரணம் தெரியும். அவர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டார். விண்ணுக்கும் கணக்குக்கும் இடையே வேற்றுமை வளர்ந்தபொழுது, எந்த எண்ணை, எவ்வளவு திருத்துவது என்று சொல்ல, கணக்கைக் கையில் வைத்திருந்தவரால் இயலவில்லை.

அதே ஆண்டுகளில் இலண்டனில் சார்லஸ் பாபேஜ், அட்டவணைகளைப் பிழையின்றிக் கணிக்கப் பற்சக்கரப் பொறி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். 1822-ஆம் ஆண்டில் அத்திட்டத்தை வெளியிட்டவர் அவர். அங்கும் அட்டவணைதான் பொருள்.

வாக்கியத்தைத் திருத்தும் வேலை சென்னையில் நடந்தது. 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக் கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாசாரி என்னும் தமிழ்நாட்டு அறிஞர் பல்லாண்டுகள் பணி புரிந்தார். 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். இரவெல்லாம் தொலைநோக்கியில் விண்ணைக் கண்டவர்க்கு, பகலில் பஞ்சாங்கம் வேறொன்று சொல்வது பொறுக்கவில்லை. கண்ணாற் காண்பதோடு ஒத்துப் போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். 1874-ஆம் ஆண்டில் வெள்ளியின் கடப்பு நிகழவிருந்தபொழுது, பொதுமக்களுக்காகப் பல மொழிகளில் அதை விளக்கி நூல் எழுதினார். 1880-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். வாக்கியமா, திருக்கணிதமா என்னும் வழக்கு மட்டும் மறையவில்லை. சனிப்பெயர்ச்சி எந்த நாள் என்று இரண்டு பஞ்சாங்கங்களும் இரண்டு விடை சொல்வதை இன்றும் காண்கிறோம். அந்தப் பழைய கூடத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறிப்போடு நுங்கம்பாக்கம் வானிலை நிலைய வளாகத்தில் நிற்கிறது. கல்லூரி மாணவர் வாய்ப்புக் கிடைத்தால் சென்று காணலாம்.

இப்பொழுது என் மாணவ நண்பனின் பாடநூலுக்குத் திரும்புவோம். செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரோடு அறிஞர் கூடிய முதல் மாநாடு 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் நடந்தது. அதை முன்னின்று கூட்டியவருள் ஒருவரான ஜான் மெக்கார்த்தி, ஈராண்டு கழித்து ஒரு கருத்தை வெளியிட்டார். பொறிக்கு நாம் உலகத்தைப் பற்றிய செய்திகளைத் தருக்க வாக்கியங்களாகத் தர வேண்டும். அவ்வாக்கியங்களிலிருந்து பொறி தானே புதிய முடிவுகளை வருவிக்க வேண்டும் என்பது அது. வாக்கியம் என்னும் அதே சொல்! ஆனால் வேற்றுமையைக் கவனியுங்கள். வரருசி வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு விடை. மெக்கார்த்தி விரும்பிய வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு காரணம். விடைகளை அடுக்கினால் விரைவு கிடைக்கும். வைத்த கேள்விக்கு அப்பால் ஓர் அடியும் நகர முடியாது. காரணங்களை அடுக்கினால் எதிர்பாராத கேள்விக்கும் விடை காணலாம். ஆனால் காலம் பிடிக்கும், சில வேளை முடிவே இல்லாமற் போகும். ஒரு மொழியில் எவ்வளவு மிகுதியாகச் சொல்ல முடியுமோ, அவ்வளவுக்கு அதில் தருக்கம் செய்வது கடினமாகிறது என்பதை லெவெக், பிராக்மன் என்னும் இருவர் 1980-களில் தெளிவாக நிறுவிக் காட்டினர். அன்று முதல் அத்துறை அறிஞர் செய்து வருவதெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நடுவழி தேடுவதே.

அந்நடுவழிகளுள் ஒன்று 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்னும் திட்டம். குருதியில் கிருமி தொற்றிய நோயாளிக்கு எந்த மருந்து தருவது என்று அது கூறும். 'இன்னது இருந்து, இன்னதும் இருந்தால், இன்னதாகலாம்' என்னும் வடிவில் அதற்குள் ஏறக்குறைய 600 விதிகள் இருந்தன. மருத்துவர், 'ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கிறாய்?' என்று அதைத் திருப்பிக் கேட்டால், தான் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று அது எடுத்துக் காட்டும். மருத்துவமனைகளில் அது அன்றாட வழக்குக்கு வரவில்லை. எனினும் 'ஏன்' என்னும் கேள்விக்கு இடம் வைத்த பொறி என்பதால் நான் அதை மதிக்கிறேன். நம் நாட்டிலும் 1986-ஆம் ஆண்டில் அறிவுசார் கணிப்பொறி அமைப்புகளுக்கென ஒரு திட்டத்தை மைய அரசு ஐக்கிய நாடுகளின் உதவியோடு தொடங்கியது. இத்தகைய வல்லுநர் அமைப்புகளை ஆராயும் பணி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு வந்தது. குழந்தைகளின் நோய்க்குறிகளை ஆராய்வதில் சிற்றூர் நலப் பணியாளர்க்குத் துணை செய்யும் 'ஏகலைவன்' என்னும் அமைப்பு அங்கே உருவாயிற்று. இன்று உங்கள் கைப்பேசியில் உரையாடும் பொறிகளோ கோடிக்கணக்கான எண்களுக்குள் அறிவைக் கரைத்து வைத்திருக்கின்றன. விடை உடனே வருகிறது. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட, அவற்றைக் கட்டியவராலும் எளிதில் இயலவில்லை. புதுச்சேரிக் கணிதரை நினைத்தால் எனக்கு இப்பொறிகளின் நினைவும் உடன் வருகிறது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில் நான் ஒரு பள்ளியில் கணக்கும் வரலாறும் கற்பித்தேன். நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்று ஒன்று உண்டு. முழு எண்ணின் பெருக்கல் மட்டுமன்றி, மா என்னும் இருபதில் ஒன்று, காணி என்னும் எண்பதில் ஒன்று, முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒன்று வரை பின்னங்களையும் பிள்ளைகள் பாடிப் பாடி மனனம் செய்தனர். அம்மரபில் எனக்குப் பெரும்பற்று உண்டு. வாய்பாட்டை நான் கண்டிப்பாகக் கேட்பேன். ஒரு நாள், குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும் என்று கரும்பலகையில் எழுதினேன். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஏன் சார்?" என்றான். "அது விதி; எழுதிக்கொள்" என்று சொல்லி உட்காரச் செய்தேன். அவன் அதற்குப் பின் அந்த ஆண்டு முழுவதும் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றான். உண்மையைச் சொன்னால், அன்று அந்த 'ஏன்' என்பதற்கு எனக்கும் விடை தெரியாது. எனக்குக் கற்பித்தவரும் எனக்கு விதியைத்தான் தந்தார். விடை பல ஆண்டுகள் கழித்து எனக்குப் புரிந்தது. அவனைத் தேடிச் சென்று சொல்ல அப்பொழுது வழியில்லை.

அடுத்த நாள் மாலை வெள்ளானூர்த் திண்ணைக்கு அந்தக் கல்லூரிப் பிள்ளை மீண்டும் வந்தான். கடபயாதியைப் படிக்கவும், 20,000 நாளைச் சுருக்கவும் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தான். கணிப்பொறியை மடியில் வைத்துக்கொண்டு, "247-ஆவது வாக்கியம் 15 பாகை 41 கலையாக இருக்க வேண்டும், சரிதானே சார்?" என்றான். சரிதான். முதல் வாக்கியமான 12 பாகை 3 கலையைக் கழித்துக் கண்டிருக்கிறான், அட்டவணையைப் பார்க்கவில்லை. நான் பாராட்டிவிட்டு எழ முயன்றேன். அவன் விடவில்லை. "கடைசி நாளில் சந்திரன் நடக்கும் தொலைவு முதல் நாளில் நடக்கும் தொலைவுக்குச் சமம் என்று வருகிறது. ஏன் சார் அப்படி வர வேண்டும்?" என்று கேட்டான்.

நான் மீண்டும் உட்கார்ந்தேன். உள்ளே குரல் கொடுத்து, இரண்டு ஆணியும் ஒரு முழ நூலும் ஒரு சுண்ணக்கட்டியும் கொண்டுவரச் சொன்னேன். திண்ணையில் ஆணிகளை ஊன்றி, நூலை மாட்டி, சந்திரன் செல்லும் நீள்வட்டத்தை வரையத் தொடங்கினோம். சேய்மை இடத்திலிருந்து விலகும்பொழுது வேகம் எப்படிக் கூடுகிறதோ, அந்த இடத்தை நெருங்கும்பொழுது அப்படியே குறைகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அவன் சுண்ணக்கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.